ஏழு சென்டிமீட்டர் மூன்றரை மில்லிமீட்டர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைத் தெம்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கும் அப்பாவின் கடிதம் இந்த உறையில் முன்னால் இருக்கிறது, அதை நீ முதலில் படித்திருப்பாய். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது அது. இது அவருக்குத் தெரியாமல் நான் எழுதி அதன் பின்னால் மடித்துவைக்கும் தாள். மூன்று பேரும் என்று அவர் சொன்னதில் அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாக இருக்கிறேன், அப்பா நன்றாக இல்லை. இரவு மணி பன்னிரண்டரை ஆகிறது, குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழங்கால் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. யாராவது கதவைத் தட்டினால் குழாயைத் திறந்துவிட்டு வயிற்றுவலி என்று சொல்வதாக இருக்கிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போன் அப்பாவின் மடியில் ஸ்பீக்கரில் இருக்கும், மற்ற நாட்களில் அவர் சட்டைப் பையில் மலைக்குப் போய்விடும், இரவில் அலாரம் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள்வார். போன வாரம் நீ, பொடிசு ஏன் வாயில பூட்டுப் போட்டுக்கிட்டா, பரீட்சையில முட்டையா என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அந்த மலை சைக்கிளைப் பற்றியதுதான். முன்னால் இருக்கும் மூன்று செயின் வீலையும் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று போட வேண்டும், அதிகச் செலவில்லாமல் நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பு என்று மூன்று கடிதமாக அப்பா கேட்கிறார் இல்லையா, நீயும் கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறாய். முன்னால மூணு இருந்தா மூணு தலைவலி, சேறு அடைக்குது, கம்பி அறுந்து போகுது, ஒண்ணு இருந்தா ஒரே தலைவலியோட போயிடும் என்று அவர் உன்னிடம் சொன்ன காரணம் பொய் இல்லை. ஊருக்குத் தண்ணீர் விடும் மேல்தொட்டிக்குப் போகும் பாதையில் பைக் ஏறாது, சைக்கிள்தான், அதுவும் காலையில் ஏறி வால்வைத் திறந்துவிட்டு இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறி மூடிவிட்டு இறங்க வேண்டும், சேறும் கல்லும் நீ பார்த்ததுதான். சைக்கிள் கடைக் கம்பி மாமாவும் ஆமாம் போட்டார். அவர் இன்னும் காதில் பேனா மாதிரி ஒரு ஸ்போக் கம்பியைச் செருகிக்கொண்டுதான் திரிகிறார். அவரிடம் அப்பா, நடுவுல இருக்கற வீலையே வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் கழட்டிட்டா காசே ஆகாதே என்று கேட்டதற்கு அவர், அண்ணே, அந்த நடு வீலு செயினைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாத்தி விடறதுக்குன்னே பொறந்தது, அதுகிட்ட போய் கெட்டியா பிடிச்சு வெச்சுக்கோன்னா எப்படி, ஒரு குழியில எறங்கினா கழட்டி விட்டுடும், ஒரு பல்லு தடியா ஒரு பல்லு ஒல்லியா மாறி மாறி வர்ற வீலு வாங்கணும், அதுதான் செயினை விடாது என்று சொன்னார். அதைத்தான் நீ போனில் மூன்று வகையாகச் சொன்னாய், தடிப் பல் ஒல்லிப் பல் வீல் மட்டும் வாங்கினால் மலிவு, அதோடு பின்னால் பெரிய பல் உள்ள ஃப்ரீவீலும் சேர்த்தால் நடுத்தரம், செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த பின் கியரும் சேர்த்தால் விலை கூட என்று. அப்பா உடனே மலிவானது போதும் என்றார். பின்னால பெரிய பல்லு இல்லாம ஏத்தத்துல மூச்சு வாங்குமே, ஆட்டத்துல செயின் கழலவும் செய்யுமேப்பா என்று நீ கேட்டதற்கு, கழண்டா மாட்டிக்கறேன், எத்தனை வருஷமா மாட்டறேன், எனக்குத் தெரியாதா என்றார். செயின் மாட்ட இரண்டு கை வேண்டும் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

அண்ணா, முன் கியரை மாற்றுவது இடது கட்டைவிரல். பின் கியர் வலது கைக்கு. முன்னால் ஒரே வீல் என்றால் இடது பக்க லீவரே தேவையில்லை. அதற்காகத்தான் அவர் கேட்கிறார். அப்பாவின் இடது கை வேலை செய்யவில்லை. ஏழு மாதமாக அவர் கடிதம் என் கையெழுத்தில் வருவது ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கண்ணாடி பவர் மாறிப்போச்சு, எழுத்து தெரியல என்று அவர் சொன்னதை நானும்தான் நம்பினேன். அவர் எழுதுவது இடது கையால் என்பது நம் இரண்டு பேருக்குமே நினைவு வரவில்லை பார். முதலில் டம்ளர் இரண்டு தடவை விழுந்தது. பிறகு அவர் எல்லாவற்றையும் வலது கையால் எடுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் முன்பு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபோது ஒரு பொத்தானைக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. பொத்தான்கள் வெளியில் சும்மா தைத்து வைத்தவை, அடியில் செருப்புக்கு வருவது போன்ற ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்திருந்தது, அம்மாவின் தையல். நான்கு சட்டையும் அப்படித்தான். அம்மாவிடம் போய்க் கேட்டேன், அவள் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை, பொத்தான் அடிக்கடி அறுந்து போகுது, அதான், நீ உன் வேலையைப் பாரு என்றாள். அன்று இரவு அவர்கள் பேசியது சுவர் வழியாகக் கேட்டது. மழைக்காலம் முடிந்ததும் குடிநீர்த் துறையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வருகிறதாம், கையைக் கொடுத்து இறுக்கிப் பிடி என்பார்களாம், பிடிக்க முடியாவிட்டால் வேலையும் இல்லை, இந்த வீடும் துறை வீடுதானே. நீ பாதியில் கிளம்பி வந்துவிடுவாய், அங்கே இவ்வளவு நாள் செய்த பயிற்சிக்குச் சான்றிதழ் கிடைக்காது என்பதுதான் அப்பாவுக்குப் பயம். பையன் கையில சான்றிதழ் வர்ற வரைக்கும் ஓட்டிட்டா போதும், அப்புறம் கை என்ன, காலும் போகட்டும் என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வாயைக் கழுவுங்க என்றாள். நடுராத்திரியில் அப்பா எழுந்து வந்து ஈரத்துணியைப் பிழிந்து பழகுகிறார். காலையில் அந்தத் துணியை எடுத்தால் தண்ணீர் அப்படியே இருக்கிறது.

போன மாதம் பள்ளி விடுமுறை அன்று சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் மேல்தொட்டிக்குப் போனேன். காலையில் ஏற்றம் தொடங்கும் இடத்தில் எனக்கு முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தார். சின்ன வீலுக்கு மாற்ற வேண்டிய இடம் வந்ததும் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் குறுக்கே நீட்டி இடது பக்க லீவரைத் தள்ளினார். அந்த நேரம் முழுக்க சைக்கிள் அந்த இடது கையில் மட்டும்தான் இருந்தது, முன் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஏறும்போது விழுந்தால் முழங்கால் தேயும், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். திரும்பி வரும்போது நான் முழங்கை வளைவில் நடந்துகொண்டிருந்தேன், அங்கே பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் இடிந்த பிறகு இன்னும் கட்டவில்லை. பின்னாலிருந்து டயர் சத்தம் கேட்டது, மணி அடிக்கவில்லை, மணியும் இடது கட்டைவிரலுக்குத்தானே. கீழேயிருந்து குப்பை லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே போய் மலைப்பக்கக் கால்வாயில் சைக்கிளைச் செருகினார். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, பெரியவரே, வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா என்று கத்திவிட்டுப் போனான். அப்பா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பிரேக் கட்டை தேஞ்சு போச்சும்மா, மாத்தணும், அம்மாகிட்ட சொல்லாத, அவ வேற ஊரைக் கூட்டுவா என்றார். ஷூவின் அடிப்பகுதி ஓர் ஓரமாகப் பிய்ந்து தொங்கியது. சாயங்காலம் அவர் குளிக்கும்போது நான் போய் பிரேக் கட்டைகளைப் பார்த்தேன். வலது கையால் பிடிக்கும் முன் பிரேக்கின் கட்டைகள் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. இடது கையால் பிடிக்கும் பின் பிரேக்கின் கட்டைகளில் கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை, விரலால் தடவிப் படித்தேன். எத்தனை மாதமாக அவர் ஒற்றைப் பிரேக்கில் இறங்குகிறாரோ தெரியாது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், கோபப்படு, ஆனால் கடைசி வரை படி. பெடல் பக்கத்துல வீலைத் தாங்கற இரும்பு நாலு காலா அஞ்சு காலா, அதுல அடுத்தடுத்த ரெண்டு போல்ட் ஓட்டைக்கு நடுவுல எவ்வளவுன்னு ஸ்கேல் வெச்சு அளந்து எழுதச் சொல்லுங்க, பொடிசுக்கு விட்டுக்கொடுங்க, அவ கணக்கு டீச்சர் மாதிரி அளப்பா என்று நீ சொன்னாய். நான் அளந்தேன். அப்பா காது கேட்கச் சரியாகவே சொன்னேன். சென்ற கடிதத்தில் மட்டும் ஆறு சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன். கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிட்டவர் திருப்பிப் படித்துப் பார்க்க முடியாது அல்லவா. தப்பான வீல் வரும், பொருந்தாது, திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் மழைக்காலம் வந்து பாதை வழுக்கும், அவரே பயந்து யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி. நேற்று அப்பாவோடு காற்றடிக்கப் போனபோது கம்பி மாமாவிடம் சும்மா கேட்பது போல, மாமா, அண்ணன் அனுப்பற வீலு பொருந்தலைன்னா என்ன செய்வீங்க என்று கேட்டேன். அவர் பெரிய நகைச்சுவையைக் கேட்டது போலச் சிரித்தார். நம்ம கடையில எந்தச் சாமான் பொருந்தாம திரும்பிப் போயிருக்கு, அரம் எதுக்குத் தொங்குது, ஓட்டையைக் கொஞ்சம் ராவி நீட்டினா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துடும் என்றார். அப்பாவும், ஆமா, திருப்பி அனுப்பி அது எப்ப வர்றது என்று தலையாட்டினார். எனக்கு அந்த சீட்டுக் கம்பி ஞாபகம் வந்தது, குழாயைவிட ஒல்லியாக வந்ததற்கு டின்னை வெட்டிச் சுற்றித் திணித்தார்களே, இன்றும் கிறீச் கிறீச் என்று அதில்தான் அப்பா உட்கார்ந்து போகிறார். திருப்பி அனுப்புவது என்ற ஒன்று இந்த இரண்டு பேருக்கும் தெரியவே தெரியாது, அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ராவினால் நிற்குமா மாமா என்று கேட்டேன். நிக்கும், ரொட்டிக்கடைக்காரருக்கு அப்படித்தான் போட்டேன், மூணு மாசம் நின்னுச்சு, அப்புறம் ஒரு நாள் எழுந்து நின்னு மிதிச்சாரு, வீலு நகந்துடுச்சு, தாடை போய் ஹேண்டில்பார்ல உம்மா கொடுத்துடுச்சு, ஆறு வாரம் கஞ்சி என்று சொல்லி மறுபடி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு நடந்தது சமதரைத் தெருவில், அண்ணா.

இன்று காலை நடந்ததால்தான் இந்த இரவிலேயே எழுத உட்கார்ந்தேன். அப்பா கிளம்பியதும் நான் வழக்கமாக மறுபடி படுத்துவிடுவேன், இன்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் விளக்குக் கம்பத்துக்கு அப்பால், வீட்டிலிருந்து தெரியாது என்று அவர் நினைக்கும் இடத்தில், சைக்கிளை நிறுத்தினார். பையிலிருந்து பழைய டியூபில் வெட்டிய பட்டை ஒன்றை எடுத்தார். அதை முந்தாநாள் நான் பார்த்துவிட்டு என்னப்பா இது என்று கேட்டபோது சாப்பாட்டுக் கேரியரைக் கட்ட என்றார். இடது மணிக்கட்டை ஹேண்டில்பார் பிடியோடு வைத்து, அந்தப் பட்டையைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டுக் கையை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார். பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டார். அந்தக் கை நழுவாமல் இருக்கத்தான் கட்டுகிறார் என்று புரிந்தது. ஆனால் முழங்கை வளைவில் சைக்கிள் வெளிப்பக்கம் போனால் அவர் அதை விட்டுக் குதிக்க முடியாது, அது போகும் இடத்துக்கு அவரும் போக வேண்டும். பள்ளியில் நாள் முழுக்க எனக்கு இதுவே ஓடியது. டீச்சர் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். சாயங்காலம் அவர் இரண்டாவது தடவை இறங்கி வரும் வரை வாசலிலேயே நின்றேன், என்னம்மா, வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டியா என்று கேட்டுக்கொண்டே வந்தார், கையில் பட்டை இல்லை, மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு மட்டும் இருந்தது. இப்போது வெளியே தூற ஆரம்பித்திருக்கிறது, தகரத்தில் சத்தம் கேட்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது. சரியான அளவு, நாலு கால், அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு ஏழு சென்டிமீட்டர் மூன்றரை மில்லிமீட்டர், மூன்று தடவை அளந்தேன். பழைய அளவில் எதையாவது வாங்கி வைத்திருந்தால் அதை இந்தப் பக்கமே அனுப்பாதே, தயவுசெய்து, அது வந்தால் ராவி மாட்டிவிடுவார்கள். மூன்றில் எது என்று கேட்டாயே, ஸ்பிரிங் வைத்த பின் கியரோடு வருகிற மூன்றாவதை வாங்கு, செயின் கழலக் கூடாது, நடுப் பாதையில் ஒற்றைக் கையால் மாட்ட முடியாது. ஆனால் வாங்கி உன்னிடமே வைத்துக்கொள். எதுவும் அனுப்பாவிட்டால் அவர் வலது கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டே ஓட்டுவார், நல்லது அனுப்பினால் கையை மறைத்துக்கொண்டு இன்னும் தைரியமாக ஓட்டுவார், இரண்டையும் யோசித்துத்தான் சொல்கிறேன். சாமான் தயாரா இருக்கு, இடது கையை டாக்டர்கிட்ட காட்டி அவர் எழுதின சீட்டைப் படம் பிடிச்சு அனுப்புங்க, வந்த அன்னிக்கே பார்சல் போடறேன், அது வரைக்கும் நடந்து போங்க என்று அப்பாவிடம் சொல்லு. துறை டாக்டர் வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வெளி டாக்டர் ஒருவர் இருக்கிறார், சனிக்கிழமையும் பார்க்கிறார், போர்டில் பார்த்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் காட்டினால் சரியாகிற நோயாகக்கூட இருக்கலாம், யாருக்குத் தெரியும், யாரும் இன்னும் பார்க்கவே இல்லையே. அம்மா சொன்னால் அவர் கேட்க மாட்டார், நான் சொன்னால் தலையில் குட்டிவிட்டுப் போய்விடுவார், நீ சொன்னால் கேட்பார், உனக்காகத்தானே இத்தனையும் செய்கிறார். நீ வா என்றோ வராதே என்றோ நான் எழுதப் போவதில்லை, அதை நீயே முடிவு செய். யார் சொன்னது என்று அவர் கேட்பார். அப்படிக் கேட்கும்போது அவர் குரல் மெதுவாகிவிடும், அதுதான் எனக்குப் பயம். கம்பி மாமா என்று சொல்லிவிடாதே, அவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவையும் இழுக்காதே. பொடிசு எழுதினாள் என்று சொல்லு, அளவை மாற்றி எழுதியதும் அவள்தான் என்று சொல்லு. நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன்.

கடிதம் உனக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆகிறது. நாளைக்கு இரண்டு தடவை என்றால் அதற்குள் பதினெட்டு தடவை அவர் அந்த வளைவில் இறங்கியிருப்பார். அதற்கு நடுவில் எனக்குத் தைரியம் வந்து நானே அவரிடம் சொல்லிவிட்டால் நல்லது, வருமா என்று தெரியவில்லை, நாளைக் காலை முயற்சி செய்கிறேன், நாளை முடியாவிட்டால் நாளை மறுநாள்.

உன்னை வாழ்த்த எனக்கு வயசு போதாது. அம்மா விளக்கை அணைக்கும்போது தினமும் உன் பேரைச் சொல்லி, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்கிறாள், அதையே என் வாழ்த்தாகவும் வைத்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள், இருமல் இருந்தால் மருந்து வாங்கிக் குடி, எங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே மெஷினில் கை வைக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே அண்ணா, படித்து முடித்ததும் அன்றே கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருக்காதே. இங்கே காலை ஐந்தரைக்கு அவர் கிளம்பிவிடுவார். உனக்கு அது எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்தரைக்கு முன்னால் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் தங்கை,
பொடிசு